ஞாயிற்றுக்கிழமைப் பயணம் வேலையா, ஓய்வா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்ரீமுஷ்ணம் பேருந்து நிலையத்தில் நின்றால் பலவகையான பயணிகளைப் பார்க்கலாம். பூவராகப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இருப்பார்கள். விடுதிக்குத் திரும்பும் கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு நடுவே, தோளில் ஒரு பையும் கையில் ஒரு சாம்பிள் பெட்டியுமாகச் சிலர் விருத்தாசலம் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சென்னையிலோ கம்பெனி வேலையாக யாரையாவது பார்க்க வேண்டியவர்கள் இவர்கள். அதற்காக ஞாயிற்றுக்கிழமையே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டவர்கள்.

இவர்களிடம் "இன்னைக்கு லீவு தானே?" என்று கேட்டால் "ஆமா, லீவுதான்" என்பார்கள். வருகைப் பதிவேட்டிலும் அன்று வார விடுமுறை என்றுதான் இருக்கும். ஆனால் அவர்கள் வீட்டில் இல்லை. அந்த நாள் யாருடையது? அவர்களுடையதா, கம்பெனியுடையதா? கேள்வி சின்னதாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சின்னது இல்லை.

ஒரு மாதச் சம்பளம் எங்கே போகிறது?

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் சுமார் 20 கிலோமீட்டர். விருத்தாசலம் ரயில்வே சந்திப்புக்கு மட்டுமல்ல, பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமே அங்கே இருக்கிறது. தொழிற்பேட்டையில் உள்ள சிறிய யூனிட்களில் பியூஸ் கேரியர் போன்ற மின்சாரச் சாமான்கள், அகல் விளக்குகள், பொம்மைகள் என்று பலவும் தயாராகின்றன. சூளையிலிருந்து இறங்கிய சரக்கு தானாக விற்றுவிடாது. யாராவது ஒருவர் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். பழைய பாக்கியை வசூல் செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு அப்படிப்பட்ட ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். அவருடைய மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயம்புத்தூரில் ஒரு டீலரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் பேருந்து ஏறி, விருத்தாசலத்தில் மாறி, சேலத்தில் மறுபடியும் மாறி, கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது விடியற்காலை நான்கு மணி. பத்து மணி நேரம்!

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு இப்படிப் போனால் 20 மணி நேரம். வருடத்துக்கு 240 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்று வகுத்தால் 30 நாள். அதாவது அவர் வருடத்தில் ஒரு மாதத்துக்கும் மேலான வேலை நேரத்தைச் சம்பளம் இல்லாமல் பேருந்து இருக்கையில் கழிக்கிறார். 18,000-த்தை 26 வேலை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் கூலி சுமார் 692 ரூபாய். முப்பது நாளுக்கு ஏறக்குறைய 20,770 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தை விடவே அதிகம்.

இதற்கு அவருக்குக் கிடைப்பது என்ன? டிக்கெட் காசும் பேட்டாவும். பல இடங்களில் பேட்டா கொடுத்ததுமே கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பேட்டா என்பது செலவுக்கு ஈடு. வெளியூரில் இட்லிக்கும் லாட்ஜுக்கும் கொடுப்பது. அது கைக்கு வந்து கையை விட்டுப் போய்விடுகிறது. சம்பளம் என்பது நேரத்துக்கு ஈடு. வணிகவியல் முதல் வருடப் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் வித்தியாசம் இது. செலவைத் திருப்பிக் கொடுத்ததை ஊதியம் கொடுத்ததாகக் கணக்கு எழுத முடியாது.

ஒரே பேருந்து, இரண்டு கணக்கு

அதே பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைப் பாருங்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் இல்லை. அவருடைய நேரம் நிமிடக் கணக்கில் எழுதப்படுகிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வண்டி ஓடும் நேரத்தோடு நிற்கவில்லை. வண்டி சம்பந்தமான மற்ற வேலைகளையும் வேலை நேரத்தில் சேர்த்தது. கடைசி நிறுத்தத்தில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாகச் சும்மா காத்திருந்தால், அந்த நேரத்தையும் வேலை நேரம் என்றே சொன்னது. வார ஓய்வு நாளில் வேலைக்கு அழைத்தால் மாற்று ஓய்வு நாள் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. (அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுவிட்டது.)

ஓட்டுநருக்கு அது நியாயம். அவர் வண்டி ஓட்டுகிறார், பொறுப்பு அதிகம். ஆனால் பத்து வரிசை பின்னால் சாம்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் உல்லாசப் பயணம் போகவில்லையே! முதலாளி சொல்லாவிட்டால் அவர் அந்த இருக்கையில் இருக்கவே மாட்டார்.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். அந்தப் பேருந்து விபத்துக்குள்ளானால் என்ன ஆகும்? கம்பெனி வேலையாக வெளியூர் போகும் வழியில் நடந்த விபத்து என்று குடும்பத்தார் இழப்பீடு கேட்கலாம். வேலை இடத்தின் எல்லை தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்பதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே ஏற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையின்போது நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். அவருடைய குடும்பத்தின் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே கொள்கையை 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருத்தித் தீர்ப்பளித்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இடம் பெற்றுவிட்டது.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தினசரிப் பயணத்துக்கே இப்படி என்றால், கம்பெனியே அனுப்பும் வெளியூர்ப் பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, பேருந்து கவிழ்ந்தால் அவர் வேலையில் இருந்தார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அவர் விடுமுறையில் இருந்தார்! இது என்ன நியாயம்? உயிர் போனால் மட்டும் கணக்கில் வரும் நேரம், உயிரோடு இருக்கும்போது ஏன் கணக்கில் வரக்கூடாது?

சட்டம் என்ன சொல்கிறது?

வார விடுமுறை என்பது யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடியதன் தொடர்ச்சியாக 1890-இல் அங்கே ஞாயிறு விடுமுறை வந்தது. அடுத்த வருடம் வந்த 1891 தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஏழு நாளுக்கு ஒரு முறை தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று தொழில் துறைக்கு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா 1923-இல் அதை ஏற்றது.

இதில் "தொடர்ச்சியாக" என்ற சொல் முக்கியம். நம் பிரதிநிதி சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்கு வருகிறார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். நடுவில் 22 மணி நேரம்தான். நூறு வருடத்துக்கு முன் உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

1948 தொழிற்சாலைகள் சட்டம், வார விடுமுறையை இழந்த தொழிலாளிக்கு அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ அதே எண்ணிக்கையில் ஈடுசெய் விடுமுறை தர வேண்டும் என்று சொன்னது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊதியம். விற்பனைப் பிரதிநிதிகளும் இந்தத் தொகுப்பில் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். இது நல்ல விஷயம். 1994-இல் உச்ச நீதிமன்றம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளிகள் அல்ல என்று சொல்லியிருந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவாக இதற்குள் வராது. சிறிய யூனிட்களுக்கும் கடைகளுக்கும் இது ஒரு தப்பிக்கும் வழி. இரண்டாவது, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளி' அல்ல. அதனால்தான் ஆர்டர் பிடிக்கிற பையனுக்குக்கூட 'ஏரியா மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள். பதவிப் பெயரை வைத்து அல்ல, செய்யும் வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலை. ஆனாலும் எத்தனை பேர் நீதிமன்றம் போவார்கள்? மூன்றாவது, முதலாளி அனுப்பிய பயண நேரம் வேலை நேரமா இல்லையா என்பதை அந்தத் தொகுப்பு தெளிவாகச் சொல்லவில்லை.

நம் மாநிலச் சட்டம் இன்னும் வேடிக்கை. 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வார விடுமுறையும் வேலை நேர வரம்பும் தருகிறது. ஆனால் அதன் 4-ஆம் பிரிவு யாருக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் பயணம் செய்யும் வேலையில் இருப்பவர்களும், வீடு வீடாகக் கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதாவது யாருடைய ஞாயிற்றுக்கிழமை பறிபோக அதிக வாய்ப்பு இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1947-இல் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். வெளியூர் போனவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று அன்றைக்குக் கணக்கு வைக்க வழியில்லை. இன்றைக்கு டிக்கெட்டில் ஏறிய நேரம் இருக்கிறது, கைபேசியில் போன இடம் இருக்கிறது. "எங்கே இருக்கீங்க, லொகேஷன் அனுப்புங்க" என்று கம்பெனியே மணிக்கொரு தரம் கேட்கிறது. கண்காணிக்க மட்டும் முடியும், கணக்கு வைக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

26 என்ற எண்

சம்பளக் கணக்கில் 26 என்ற எண் எல்லோருக்கும் தெரிந்தது. பணிக்கொடை கணக்கிடும்போது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குகிறோம். ஏன் 30 அல்ல, 26? 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் இந்தக் கேள்விதான் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாதச் சம்பளம் என்பது 26 வேலை நாட்களுக்கானது என்ற கணக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு 1987-இல் சட்டத்திலேயே இதைத் திருத்தமாகச் சேர்த்தார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு விஷயம் புரிகிறது. மாதச் சம்பளம் 26 நாள் உழைப்புக்கு விலை. மீதி நான்கு நாள் தொழிலாளியுடையது. கம்பெனி அந்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டால், தான் விலை கொடுக்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறது. கடையில் 26 கிலோ அரிசிக்குப் பணம் கொடுத்துவிட்டு 28 கிலோ தூக்கிக்கொண்டு வர முடியுமா?

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பூவராகப் பெருமாள் கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். கிள்ளையில் முஸ்லிம் மக்களும் வரவேற்று மரியாதை செய்வது ஊரறிந்த வழக்கம். பெருமாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்பட்டதுமே உற்சவம் தொடங்கிவிடுகிறது. வழியெல்லாம் மண்டகப்படி. கடலில் தீர்த்தவாரி ஆகும்போதுதான் உற்சவம், அதுவரைக்கும் வெறும் பயணம் என்று யாரும் சொல்வதில்லை. புறப்பட்டுப் போவதும் திரும்பி வருவதும் உற்சவத்தில் சேர்த்திதான். வேலைக்காகப் போகும் பயணத்துக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

மற்ற இடங்களில் எப்படி?

அரசு வேலையில் இந்தக் குழப்பம் குறைவு. தமிழ்நாடு அரசு ஊழியர் விடுமுறை நாளில் பணிக்கு அழைக்கப்பட்டால் ஈடுசெய் விடுப்பு உண்டு. அதை ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியரின் தினப்படி, தலைமையிடத்தை விட்டு எத்தனை மணி நேரம் வெளியே இருந்தார் என்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆறு மணி நேரம் வரை 30 சதவீதம், பன்னிரண்டு மணி நேரம் வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுத் தொகை. பேருந்தில் இருந்த நேரமும் வெளியே இருந்த நேரம்தான். அரசாங்கத்தால் எண்ண முடிந்ததைத் தனியாரால் எண்ண முடியாதா?

அமெரிக்காவில் ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பது முதல் ஐந்து மணி வரை வேலை செய்பவர், வெளியூர் வேலைக்காகச் சனி, ஞாயிறுகளில் அதே ஒன்பது முதல் ஐந்து மணிக்குள் பயணம் செய்தால் அது வேலை நேரம். ஆனால் அதற்கு வெளியே, இரவில் வெறும் பயணியாகப் போனால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதி நியாயம் என்று சொல்லலாம். நம் இரவுப் பேருந்துப் பயணிக்கு அது உதவாது.

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்பெயினில் டைகோ என்ற பாதுகாப்புக் கருவிகள் நிறுவனம் 2011-இல் தன் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டது. டெக்னீஷியன்கள் வீட்டிலிருந்தே நேராக வாடிக்கையாளரிடம் போக வேண்டியதாயிற்று. சில நாள் நூறு கிலோமீட்டருக்கும் மேல். முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்பும் நேரமும் ஓய்வு நேரம் என்றது நிறுவனம். 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அது வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. சம்பளம் எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. ஆனால் அது சொன்ன காரணம் எல்லா ஊருக்கும் பொருந்தும். அந்த நேரத்தில் தொழிலாளி தன் இஷ்டப்படி எதுவும் செய்ய முடியாது, முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கிறார்.

"பஸ்ல தூங்கிக்கிட்டுத்தானே போறான்?"

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் எதிர்க்கேள்வி இது. தூங்குவது உண்மைதான், தூங்க முடிந்தால்! நடுராத்திரி சேலத்தில் இறங்கி, பெட்டியையும் பையையும் பார்த்துக்கொண்டு, அடுத்த வண்டிக்கு இடம் பிடிக்க ஓடுவதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அவர் தன் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது, உடம்பு சரியில்லாத அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போக முடியாது. பெண் ஊழியர் என்றால் இரவுப் பயணத்தின் பாதுகாப்பு வேறு கவலை. ஓய்வு என்பது சும்மா இருப்பது அல்ல. தன் நேரத்தைத் தான் விரும்பியபடி செலவழிப்பதுதான் ஓய்வு.

இரண்டாவது எதிர்க்கேள்வி, "ஆர்டர் பிடிச்சா கமிஷன் கிடைக்குதே?" கமிஷன் என்பது விற்பனைக்கு. புதன்கிழமை உள்ளூரில் பிடித்த ஆர்டருக்கும் அதே கமிஷன்தான். ஞாயிறு இரவு பயணம் செய்ததற்கு என்று அதில் ஒரு பைசாவும் இல்லை. டீலர் கையை விரித்துவிட்டால் பயணமும் வீண், கமிஷனும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் யோசிக்க வேண்டியது. "சின்ன முதலாளி எங்கே போவார்?" சிறு யூனிட் நடத்துபவரும் ஞாயிற்றுக்கிழமை ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். எரிபொருள் விலை, மின் கட்டணம், வராத பாக்கி என்று அவருக்கும் ஆயிரம் தொல்லை. அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன பிரதிநிதி வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்கு விற்றுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய 30 நாள் பயணத்தின் மதிப்பு 20,770 ரூபாய், விற்பனையில் சுமார் அரை சதவீதம். நூறு ரூபாய் சரக்குக்கு 52 காசு. விற்பனைச் செலவில் சேர்த்துவிட்டால் தெரியவே தெரியாத தொகை. ஒரு தொழில் 52 காசில் மூழ்காது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு முப்பது நாள் என்பது பெரிய விஷயம்.

அதற்கும் மேலே ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவு செய்வதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வழிந்தால் யாரும் ஓடிப்போய் மூடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரை அளந்துதான் ஊற்றுகிறோம். ஊழியரின் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான் எல்லாக் கூட்டத்தையும் "திங்கள் காலை ஒன்பது மணி" என்று வைக்கிறார்கள். அதற்கு ஒரு விலை வைத்துப் பாருங்கள். பாதிக் கூட்டம் செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிடும். மீதியில் கொஞ்சம் போனிலேயே முடிந்துவிடும். உண்மையிலேயே அவசரமான பயணம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் மிஞ்சும். அதற்கு ஈடு கொடுப்பது முதலாளிக்கும் கஷ்டமாக இருக்காது.

பணமா, நாளா?

ஈடு என்றால் எதைக் கொடுப்பது? பெரும்பாலானவர்கள் பணம் என்றே சொல்வார்கள். இங்கே கொஞ்சம் கவனம் தேவை. பணம் மட்டும்தான் என்று வைத்தால், கஷ்டத்தில் இருப்பவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையையும் விற்றுவிடுவார், வாங்குவதற்கு முதலாளியும் தயாராக இருப்பார். கடைசியில் வார விடுமுறை என்பதே வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். 1957-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கடைகள், அலுவலகங்களுக்கான வார ஓய்வு பற்றி இன்னொரு உடன்படிக்கை கொண்டுவந்தது. தற்காலிகமாக வார ஓய்வை இழந்தவருக்கு அதற்குச் சமமான ஓய்வையே கொடுக்க வேண்டும் என்கிறது அது. போன ஓய்வுக்கு ஈடு ஓய்வுதான்.

அதனால் முதலில் நாள், பிறகுதான் பணம் என்று இருப்பதே சரி. நடைமுறையில் இதை நான்கு விதிகளாகச் சுருக்கிவிடலாம்.

1. வார விடுமுறையில் நான்கு மணி நேரம் வரை பயணம் செய்தால் அரை நாள், அதற்கு மேல் போனால் முழு நாள் ஈடுசெய் விடுப்பு. இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நாளுக்கு இரு மடங்கு ஊதியம்.

2. ஞாயிற்றுக்கிழமை பயணத்தோடு வேலையும் செய்தால், அதாவது கண்காட்சியில் நிற்பது, டீலர் கூட்டத்தில் பேசுவது போன்றவை இருந்தால், விடுப்போடு அந்த வேலை நேரத்துக்கு ஊதியமும் உண்டு.

3. இரவு முழுவதும் பயணம் செய்து ஊர் திரும்பியவரை அன்று காலையே வேலைக்கு வரச் சொல்லக்கூடாது. குறைந்தது மதியம் வரையாவது ஓய்வு.

4. இதெல்லாம் வாய்வார்த்தையாக இல்லாமல் நியமன உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். பதிவேட்டில் பயண நேரத்துக்கு என்று தனியாக ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பேட்டா கணக்கு எழுதும் அதே வவுச்சரில் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

கூடவே சட்டமும் மாற வேண்டும். 1947 சட்டத்தின் 4-ஆம் பிரிவிலிருந்து பயணம் செய்யும் வேலைக்காரர்களை நீக்க வேண்டும். அந்தச் சட்டம் மாற்றவே முடியாத கல்வெட்டு இல்லை. 2021-இல் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே சட்டத்தில்தான் தமிழ்நாடு அரசு ஒரு பிரிவைச் சேர்த்தது. நாற்காலியும் சின்ன விஷயம்தான். ஆனால் அது கிடைக்க எத்தனை வருடம் ஆனது! நிற்பவர்களின் காலை நினைத்துப் பார்த்த சட்டம், ஞாயிற்றுக்கிழமை இரவில் பேருந்து இருக்கையிலேயே கிடப்பவர்களின் முதுகையும் ஒரு நாள் நினைத்துப் பார்க்கும் என்று நம்பலாம்.

அதுவரைக்கும் முதலாளிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று இல்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஞாயிறு மாலை ஒருவர் சாம்பிள் பெட்டியோடு கிளம்பினால், வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை உங்க நாள் ஒண்ணு போச்சு, இந்த வாரம் சனிக்கிழமை வர வேண்டாம், வீட்டுல இருங்க" என்று சொன்னால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள். அதனால் கிடைப்பது, அடுத்த பயணத்துக்கு முகம் சுளிக்காமல் கிளம்பும் ஓர் ஊழியர். எந்த லாப நட்டக் கணக்கில் போட்டுப் பார்த்தாலும் இது லாபம்தான்.